பெற்றோருக்குத் துணை நிற்போர் கவனத்திற்கு

தஞ்சை வளநாட்டில் ஜூன் மாதம் பெரும் பரபரப்பான மாதம். அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் திறந்துவிடப்படும் தண்ணீர், கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கடைமடை வரை சென்று சேர வேண்டும். குறுவைக்கு நாற்றங்கால் தயாரிப்பதும், வரப்பு கழிப்பதும், பறித்து நடுவதுமாக ஆணும் பெண்ணும் பொழுது புலர்வதற்கு முன்பே வயலில் இறங்கிவிடுகிற காலம் அது. பள்ளிக்கூடம் திறப்பதும் இதே மாதத்தில்தான். பிள்ளைகளைச் சேர்ப்பது, பெற்றோர் கூட்டம் கூட்டுவது ஆகிய காரியங்களும் இந்நாட்களிலேயே வந்து வாய்க்கின்றன. முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்று பள்ளியிலிருந்து சீட்டு வருகிறது. அந்த நேரத்தில் நடவு ஆள் முழங்கால் சேற்றில் நிற்கிறாள். கூட்டத்திற்கு வருவோர் சிலர்; வாராதோர் பலர்.

வாராதவர்களைப் பற்றி நம் ஊர்களில் உடனே ஒரு வாக்கியம் பிறந்துவிடுகிறது. "அந்தத் தெருவாருக்குப் பிள்ளை படிப்பில் அக்கறையே கிடையாது" என்பதே அது. அதைச் சொல்லுகிறவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லுவதில்லை. பல சமயங்களில் இரக்கத்தோடுதான் சொல்லுகிறார். எனினும், இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமற் போகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு தெருவாரை, ஒரு சாதியாரை, ஒரு மதத்தாரை, ஒரு தொழிலாரை முழுவதுமாக ஒரே சொல்லில் அடக்கி முத்திரை குத்திவிட்டு, அதன் பிறகு அவர்களுக்கு உதவி செய்யப் புறப்படுகிறோம். முத்திரை சரியாக இருந்தால் அல்லவா உதவி சரியாக இருக்கும்?

இது பண்பாட்டுப் பிரச்சினை மட்டுமன்று; சட்டப்படியான கடமையைச் சேர்ந்ததும் ஆகும். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்தம் தொகைக்கு ஏற்ப இடம் தர வேண்டும். உள்ளாட்சி மன்றத்தின் பிரதிநிதியும் குழுவில் உண்டு. ஆகவே, ஊராட்சி உறுப்பினர் ஒருவர் பெற்றோரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயமாக நின்றுவிடுவதில்லை. குழுவில் யார் அமர்வது, கூட்டம் எப்பொழுது, எந்த வீட்டுக்கு நேரில் செல்வது என்பவற்றையெல்லாம் அந்த அபிப்பிராயமே தீர்மானிக்கிறது.

முத்திரை எங்கிருந்து வருகிறது?

நம் டெல்டா கிராமங்களின் அமைப்பே இதற்கு ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். அக்கிரகாரம் ஓரிடம், குடியானவர் தெருக்கள் ஓரிடம், வாய்க்காலுக்கோ வயலுக்கோ அப்பால் சேரி ஓரிடம் என்று நம் ஊர்கள் நெடுங்காலமாகப் பிரிந்து கிடந்தன. 1961, 62ஆம் ஆண்டுகளில் தஞ்சை மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் ஆந்திரே பெத்தேய், இந்த மூன்று குடியிருப்புகளும் ஓர் ஊருக்குள் மூன்று உலகங்களாக வாழ்ந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். அன்றிருந்த நிலை இன்று பெரிதும் மாறியிருக்கிறது; அக்கிரகாரங்கள் பல காலியாகிவிட்டன; நிலம் கைமாறிவிட்டது. ஆனாலும் ஒரு தெருவார் மற்றொரு தெருவுக்குள் சென்று திண்ணையில் அமர்ந்து பேசும் வழக்கம் எத்தனை ஊர்களில் வந்துவிட்டது என்பதை அவரவர் ஊரை வைத்தே அறிந்துகொள்ளலாம்.

நிலம் வைத்திருப்பவருக்குத் தம் வயலில் வேலை செய்பவர் ஒரு நாளில் எவ்வளவு நடுவார், எவ்வளவு அறுப்பார் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அதே மனிதர் இரவில் மகளை விளக்கடியில் உட்கார வைத்து என்ன சொல்லுகிறார் என்பது தெரியாது. வேலையாளாக அறிந்த ஒருவரை நாம் தகப்பனாக அறிந்ததில்லை. அறியாத இடத்தைக் கேள்விப்பட்ட பேச்சைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம்.

இதற்குப் பழைய வரலாறும் உண்டு. பண்ணையாள் முறை நிலவிய காலத்தில் பண்ணையாளின் பிள்ளை மாடு மேய்ப்பதும், சாணம் அள்ளுவதும் பண்ணைக்கு உரிய வேலைகளாகவே இருந்தன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை தகப்பனிடத்தில் இல்லை. 1952ஆம் ஆண்டின் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கட்டு சிறிது சிறிதாகத் தளர்ந்தது. அனுப்ப முடியாத ஒருவரை அனுப்ப விரும்பாதவர் என்று ஊர் எழுதி வைத்துக்கொண்டது. கட்டு அவிழ்ந்தும் எழுத்து அழியவில்லை.

அரசாங்கமே இப்படிப்பட்ட ஊகத்தின் மேல் திட்டம் தீட்டிய நிகழ்ச்சியும் உண்டு. 1953ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக் கிராமப் பகுதிகளில் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் நாள்தோறும் ஒரு நேரம் மட்டும் பள்ளியில் படிப்பார்கள். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவார்கள் என்பது அதன் சாரம். இருக்கின்ற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குப் படிப்பளிக்கலாம் என்ற சிக்கன நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குயவர் தம் மகன் குயவனாகவும், உழவர் தம் மகன் உழவனாகவும் ஆவதையே விரும்புவர் என்று அத்திட்டம் கேட்காமலே எடுத்துக்கொண்டது. பெற்றோர் அதை ஏற்கவில்லை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அப்பொழுது கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. தம் ஊர்ப் பள்ளிக்கு மக்கள் நிலமும், பெஞ்சும், கரும்பலகையும், தட்டும், துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் வசதி படைத்தவர்கள் அல்லர். அக்கறை இல்லாதவர்கள் என்று பெயர் பெற்ற பெற்றோர், பிள்ளையின் வயிற்றுப்பாட்டிற்கு ஒரு வழி பிறந்ததும் பிள்ளையை அனுப்பினார்கள். பெற்றோரின் மனம் ஓர் ஆண்டில் மாறிவிட்டதா? மாறியது சௌகரியம்தான்.

நம்மைப் பற்றி மற்றவர் இப்படிப் பேசிய காலமும் உண்டு என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறின. 'ரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் பெரியவர்கள் நாவில் இருக்கிறது. அங்கே ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை தொடக்க வகுப்புகளோடு நின்றன. பால் வெட்டுகிறவர் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன தேவை என்று தோட்டத்தை நடத்தியவர்கள் எண்ணினார்கள். கூலித் தமிழனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்பது அன்று அவர்கள் நமக்குக் குத்திய முத்திரை. அவர்களுள் பலர் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து அந்தப் பள்ளிகளைக் காப்பாற்றினார்கள் என்பதை இங்கிருந்து போனவர்களின் உறவினர் அறிவர்.

உதவி வழி தவறிய ஒரு நிகழ்ச்சி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டக் கரையைத் தாக்கியபொழுது, தமிழ்நாட்டிலேயே மிகுந்த உயிர்ச்சேதம் அங்குதான் நேர்ந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் உதவி வந்து குவிந்தது. அவ்வாறு வந்தவற்றுள் லாரி லாரியாக வந்த பழந்துணிகளும் அடங்கும். எல்லாவற்றையும் இழந்து நிற்பவர் எதைக் கொடுத்தாலும் உடுத்துவர் என்று கொடுத்தவர்கள் எண்ணினார்கள். மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. கடலை நம்பித் தன் உழைப்பில் உண்டு வந்த ஒருவர், பிறர் கழித்த ஆடையைத் தம் பிள்ளைக்கு உடுத்த இசையவில்லை. துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்ததை நாம் எல்லோரும் பத்திரிகைகளில் கண்டோம். நல்ல மனத்தோடு செய்த உதவிதான், ஆயினும் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற ஒரு கேள்வி கேட்கப்படாமையால் வீணாயிற்று.

அதே நிகழ்ச்சியில் மற்றொரு பிழையும் நேர்ந்தது. கடலால் வந்த துன்பம் என்பதால் துன்புற்றவர் மீனவரே என்று முதலில் கருதப்பட்டது. உப்பு நீர் ஏறிய வயல்களில் வேலை இழந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களும், கழிமுகங்களில் இறால் தடவிப் பிழைத்த இருளர் குடும்பங்களும் பல இடங்களில் உதவிப் பட்டியலுக்கு வெளியே நின்றன. முத்திரை இவ்வாறு இரு பக்கமும் வெட்டும். உள்ளே இருப்பவருக்குத் தவறான உதவி. வெளியே இருப்பவருக்கு உதவியே இல்லை.

மீனவர் குடும்பங்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் இனம் பெருகுவதற்காக வைக்கப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் பள்ளி திறந்து நோட்டும் பையும் வாங்க வேண்டிய வாரத்தில், அந்தக் குடும்பங்களின் கையில் ஆண்டிலேயே மிகக் குறைந்த பணம் இருக்கிறது. இதை அறியாதவர் "மீன் விற்ற காசு எல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்பதைச் செவியுற்றிருக்கிறோம். தடைக்காலம் என்று ஒன்று இருப்பது வயல் பக்கத்து ஊராருக்கு மறந்துவிடுகிறது.

தெரிந்த பெயர், தெரியாத குடும்பம்

நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் இஸ்லாமியக் குடும்பங்கள் மிகுதி. தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் அங்கு ஏராளம். முன்பு பர்மா, மலாயா, சிங்கப்பூர். இப்பொழுது வளைகுடா நாடுகள். இவ்வீடுகளைப் பற்றி இரண்டு முத்திரைகள் உண்டு. ஒன்று, பணம் கொழிக்கும் வீடு, உதவி தேவையில்லை என்பது. பயண முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீடு எது, பணம் வரும் வீடு எது என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்ல இயலாது. மற்றொன்று, பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்க மாட்டார்கள் என்பது. நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் 1938ஆம் ஆண்டிலேயே 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார் என்பதையும், அதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் முன்னுரை அளித்தார் என்பதையும் அறிந்தவர் அப்படிப் பேசுவதற்குச் சற்றுத் தயங்குவர். அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955இல் நிறுவப்பட்டது. சுற்று வட்டாரத்து எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் அதில் பயின்றார்கள்.

ஆயினும், ஒரு மாணவி எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காரணம் கேட்டால், "அவர்கள் வழக்கம் அப்படி" என்று பதில் வருகிறது. வழக்கம் என்று சொல்லிவிட்டால் அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. வழக்கத்தை ஊராட்சி மன்றம் என்ன செய்ய முடியும்? ஆனால் வீட்டிற்குச் சென்று தாயிடம் கேட்டால் வேறு செய்திகள் வெளிவரலாம். உயர்நிலைப் பள்ளி நான்கு மைலுக்கு அப்பால் இருக்கலாம். மாலைப் பேருந்து தவறினால் அடுத்ததற்கு இருட்டிவிடலாம். பேருந்து நிற்குமிடத்திலிருந்து தெருவரையில் விளக்கு இல்லாமலிருக்கலாம். பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமலிருக்கலாம். தகப்பன் அயல்நாட்டில் இருக்க, அழைத்து வர ஆண் துணை இல்லாமலிருக்கலாம். இவற்றுள் பேருந்து நேரத்தை மாற்றக் கோரித் தீர்மானம் போடலாம், விளக்குப் போடலாம், தண்ணீர்க் குழாய் இழுக்கலாம். காரணம் நம் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்திருக்கிறது. நாம்தான் அதைக் கைக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். இதே மாணவி இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவளாக இருந்திருந்தால் முதலில் பேருந்தைப் பற்றிக் கேட்டிருப்போமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விசாரித்த பிறகு, வழக்கமே காரணம் என்று அந்தத் தாயே சொன்னால், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அப்பொழுது பேச வேண்டிய முறை வேறு. பேச வேண்டியவர்களும் அந்த வீட்டுப் பெரியவர்களும், அவ்வூரில் படித்து வேலை பார்க்கும் பெண்களுமே.

சம்பா அறுவடை முடிந்த பிறகு இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகளோடு வருகிற கீதாரிகளை நம் விவசாயிகள் நன்கு அறிவார்கள். வயலில் கிடை போட்டு, எருவுக்கு ஈடாகப் பணமோ நெல்லோ கொடுக்கிறோம். அவர்களோடு சில சமயம் பிள்ளைகளும் வருகிறார்கள். "ஓரிடத்தில் நிற்காதவர்கள்; இவர்கள் பிள்ளைக்கு எதற்குப் பள்ளி?" என்பது நாம் தரும் தீர்ப்பு. அவர்கள் நிற்காதது மேய்ச்சல் நிற்காததால். கல்வி உரிமைச் சட்டம் இவர்களை மறக்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் மறுக்கலாகாது. இடையில் படிப்பு விட்டிருந்தால், வயதுக்கேற்ற வகுப்பிலே சேர்த்துத் தனிப் பயிற்சி தருவதற்கும் அதில் இடமிருக்கிறது. இந்த மூன்றையும் கிடை போடுகிற விவசாயி அறிந்திருந்தால், கூலி பேசும்பொழுதே பிள்ளையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம். இரண்டு மாதமானாலும் அந்தப் பிள்ளை நம் ஊர்ப் பள்ளியில் உட்காரும்.

முத்திரை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சான்று. சில சமூகங்களில் பிறந்தவர் அனைவரும் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று அச்சட்டம் வைத்துக்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதிலும் 1952லும் அது ஒழிந்தது. சட்டம் ஒழிந்தும், அலைந்து திரியும் சமூகங்களைக் கண்டால் கதவைச் சாத்துகிற பழக்கம் ஒழியவில்லை. நரிக்குறவர் குடும்பங்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி என்னும் தனி மொழி. முதல் வகுப்பில் வந்து உட்காரும் அப்பிள்ளைக்குத் தமிழ் புதிய மொழி. அப்பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால், மந்த புத்தி என்று குறித்துவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் வராமல் நின்றால், ஊசி மணி விற்கப் போய்விட்டது, அது அவர்கள் குணம் என்கிறார்கள். நாகை வட்டாரத்தில் சுனாமிக்குப் பின் தொடங்கிய வானவில் பள்ளி, நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் ஆகிய சமூகங்களின் பிள்ளைகளுக்காகவே நடந்து வந்திருக்கிறது. நம்பி வரவேற்கும் இடம் ஒன்று இருந்தால் அப்பெற்றோரும் அனுப்புகிறார்கள் என்பதற்கு அதுவே போதிய அத்தாட்சி. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அந்தச் சான்றிதழை வாங்கித் தர ஓர் ஊராட்சி உறுப்பினர் அலுவலகத்திற்கு உடன் சென்றால், பத்துச் சொற்பொழிவுகளை விட அது பயன் தரும்.

அண்மை ஆண்டுகளில் நம் வயல்களில் நடவுக்கும், செங்கல் சூளைகளுக்கும், அரவை ஆலைகளுக்கும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தொழிலாளர் வருகிறார்கள். அனைவரையும் 'இந்திக்காரர்' என்று சொல்லிவிடுகிறோம். மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர் வங்காளியும், ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒடியாவும் பேசுவர். மலைநாட்டுப் பழங்குடியாயின் அவற்றினின்றும் வேறான மொழி. இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு சூளைக்குப் போய், "எவ்வளவு சொன்னாலும் விளங்கவில்லை" என்று திரும்பியவர்கள் உண்டு. முதலில் எந்த ஊர், என்ன மொழி என்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். தஞ்சையில் மராத்தியும், கும்பகோணத்தில் சௌராஷ்டிரமும், ஊர்தோறும் தெலுங்கும் வீட்டு மொழிகளாக இருந்து வந்திருக்கின்றன. பல மொழி கேட்டுப் பழகிய மண்தான் இது.

நல்ல முத்திரையும் கெடுதல் செய்யும். அக்கிரகாரத்து வீடென்றால் படிப்புக்குக் குறைவிராது என்பது ஊர் நம்பிக்கை. சமையல் வேலைக்குப் போகும் விதவைத் தாய் ஒருத்தி, கட்டணம் கட்ட முடியாமல் மகனை நிறுத்தும் நிலையில் இருப்பாள். அவள் வீட்டு வாசலை உதவிக் குழு எட்டிப் பார்க்காது. அவளும் கேட்கக் கூசுவாள்.

அறிந்துகொள்வதிலும் ஓர் ஆபத்து

இவற்றையெல்லாம் படித்தபின், ஒவ்வொரு சமூகத்தின் பழக்க வழக்கங்களையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டால் போதுமே என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியன்று. பட்டியல் என்பது பழைய முத்திரைக்குப் புதிய உறை. பள்ளிச் சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை அப்பிள்ளையின் தெருவைக் கொண்டு முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை உண்ணாத வீடு சேரியிலும் இருக்கலாம். உண்ணும் பிள்ளை எந்தத் தெருவிலும் இருக்கலாம். தாயைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓர் ஊரின் வழக்கத்தை அறிந்திருப்பது கேள்வியை மரியாதையாகக் கேட்பதற்குப் பயன்படும். பதிலாக அதைக் கொள்ளலாகாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் நாகூரில் கூட்டம் வைக்காமலிருப்பதற்கு அந்த அறிவு போதும். அதற்கு மேல் ஒவ்வொரு குடும்பமும் வேறு.

பேசும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது சங்கடமான விஷயம். ஆயினும் மறைப்பதில் பயனில்லை. நம் பகுதியில் அறுபது வயதுத் தொழிலாளியை இருபது வயது இளைஞர் 'வா, போ' என்று ஒருமையில் அழைத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் அடியோடு போய்விடவில்லை. அப்படி அழைக்கப்பட்டவர் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று தம் மகனைப் பற்றி மனம் திறந்து பேசுவாரென எப்படி எதிர்பார்ப்பது? தலைமையாசிரியரை 'ஐயா' என்று அழைப்பது போல, பிள்ளையின் தாயை 'வாங்கம்மா, உட்காருங்க' என்று அழைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே வகை நாற்காலி, ஒரே வகைக் குவளை. நாற்காலி போதாவிட்டால் எல்லோரும் பாயில் உட்காரலாம், உறுப்பினரும் உட்பட.

'பிள்ளையை ஏன் அனுப்பவில்லை?' என்று கேட்டால் எந்தப் பெற்றோரும் குற்றம் சாட்டப்பட்டவராகவே உணர்வர். ஏதோ ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவர். 'அனுப்புவதற்கு என்ன தடை?' என்று கேட்டால் பேச்சு வேறு விதமாகப் போகிறது. முதல் நாள் உண்மை வராது. இரண்டாம் முறை போகும்பொழுதுதான் கடனைப் பற்றியோ, கணவரின் குடியைப் பற்றியோ, பள்ளியில் பிள்ளையைத் தனியே உட்கார வைத்ததைப் பற்றியோ ஒரு தாய் சொல்லுவாள். இறுதியிற் கூறியது நேர்ந்திருந்தால், அது பெற்றோரைத் திருத்த வேண்டிய விஷயமன்று. பள்ளியில் விசாரிக்க வேண்டிய விஷயம்.

கூட்ட நேரத்தை மாற்றுவதற்கு எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. குறுவை நடவு நாட்களில் இரவு எட்டு மணிக்குத் தெருவிளக்கின் கீழ் கூடலாம். மீனவக் குப்பங்களில் விடியற்காலையில் படகு கரைக்கு வருவதால், பெண்கள் கூடையோடு சந்தைக்குப் போய்த் திரும்பிய பிற்பகலில் வைக்கலாம். சூளைகளில் வார ஓய்வு நாளில். ஒரே ஊரில் ஒரே கூட்டம்தான் நடத்த வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது; தெருவுக்கு ஒன்றாக இரண்டு மூன்று கூட்டங்கள் நடத்தினால், குழுவில் இடம் பெறத் தகுந்த பெற்றோர் யாரென்பதும் அங்கேயே தெரிந்துவிடும். வழக்கமாகக் கை தூக்குகிற அதே நால்வரைத் தவிர வேறு முகங்களையும் காணலாம்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, பள்ளிக்கு வராத ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் பெற்றோர் சொன்ன காரணத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வருதல் நலம். சாதி, தெரு என்ற கட்டங்கள் அதில் தேவையில்லை. கிராம சபையில் அதைப் படிக்கவும் கூடாது. ஒரு குடும்பத்தின் கடனும் நோயும் ஊர்ப்பேச்சாவதற்காக அவர்கள் நம்மிடம் சொல்லவில்லை. பேருந்து, விளக்கு, தண்ணீர், சான்றிதழ் என்று காரணங்களை மட்டும் பிரித்தெடுத்து மன்றத்தின் முன் வைக்கலாம். அடுத்த மே மாதம், நாற்றங்கால் உழுவதற்கு முன் ஒருமுறை அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால், எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.